கடையும் பஞ்சாங்கமும்



அட்சய திருதியையன்று தஞ்சாவூர், கும்பகோணம் நகைக் கடை வாசல்களில் கூட்டம் நெரிகிறதை நாம் பார்க்கிறோம். அன்று குந்துமணிப் பொன் வாங்கினாலும் வருஷமெல்லாம் பொன் சேருமாம். சேருவது வாஸ்தவந்தான், யாரிடம் என்பதே நமது கேள்வி. சம்பா நெல் விற்ற பணம் நம் கையில் மிச்சமிருக்கிற காலம் அது என்பது கடைக்காரருக்குத் தெரியாதா?

ஆடியோ ஆகாத மாதம், கலியாணமில்லை, கிரகப்பிரவேசமில்லை. ஆனால் துணிக் கடையில் தள்ளுபடி என்றால் பஞ்சாங்கம் பார்ப்பவர்களே முன்னால் நிற்கிறார்கள். (தள்ளுபடிக்குத் தோஷமில்லை போலும்!) குறுவைக்கு நாற்றும் உரமும் என்று செலவழித்துவிட்டு வெறுங்கையாய் நிற்கும் குடியானவன் அப்போது கடனுக்கு வாங்குகிறான். கடனுக்கு வாங்குகிறவன் விலை பேச முடியுமா? தராசைத்தான் உற்றுப் பார்க்க முடியுமா?

இதற்கு வழி கண்டவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-ல் நெசவாளர் முதலான 28 பேர் 28 பவுன் சேர்த்து ஒரு கடை வைத்தார்கள். கலப்படமில்லை, நிறை குறைவில்லை, கடனுமில்லை. லாபம் வாங்கினவர்களுக்கே, வாங்கின அளவுப்படி. திறந்த தேதி டிசம்பர் 21. நம் கணக்கில் மார்கழி! அந்தக் கடையின் முறை உலகமெல்லாம் பரவிற்று. 1904-ல் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் அவ்வழியில் கூட்டுறவுப் பண்டகசாலை ஏற்பட்டது.

நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் நாமும் பங்குதாரர்கள்தானே? அதன் மகாசபைக்குப் போய்க் கணக்குக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?