வாடைக்காற்றும் பச்சைப் பிள்ளையும்

(ஆதரவாளர் கூட்டத்தில் ஆஸ்பத்திரி ஆயர் பேசியது)

செங்கல்பட்டுச் சீமையில் குளிரா என்று கேட்பீர்கள். மார்கழி இரவில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். நமக்கு அது சுகம். பிறந்த பிள்ளை இருக்கும் அறைக்கோ 25 டிகிரியாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சென்ற மார்கழியில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கீற்று வீட்டுக்குப் போனேன். எங்கள் பிரசவ வார்டிலிருந்து எட்டு நாளுக்கு முன் வீடு திரும்பிய எடை குறைந்த பிள்ளை அது. வாடைக்கு அஞ்சி, சந்து பொந்தெல்லாம் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் திணித்து, உள்ளே கரியடுப்பு மூட்டியிருந்தார்கள். பாட்டிக்குத் தலைசுற்றல். “பனி ஒத்துக்கல ஐயா” என்றார்.

பனியல்ல. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே அழைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். மூவரும் தேறினார்கள். பாட்டியை நான் கடியவில்லை. நானும் என் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்தவன்தான்.

பிறகு நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார்: காற்றடிக்கும் வடக்குப் பக்கத்துக்குத் தட்டி கட்டி மண் பூசுங்கள், கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைக்காதீர்கள். பாய்க்கடியில் வைக்கோல் பரப்புங்கள், தரையின் சில்லிப்புதான் உடம்பில் ஏறுகிறது. பிள்ளையைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படக் கட்டி, மேலே போர்த்துங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாதபோது டாக்டர் எட்கர் ரே தொடங்கிய முறை இது. கரண்டும் வேண்டாம், கரியும் வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய கம்பளிகளுக்கு நன்றி. இந்த வருஷம் அவற்றோடு தார்ப்பாயும் கோரைப்பாயும் அனுப்புங்கள். ஐப்பசி மழையில் ஊறிய மண்தரையில் கம்பளி ஒரே இரவில் நனைந்துவிடுகிறது.