பழைய கம்ப்யூட்டருக்குப் புது வேகம்

பத்து வருஷத்துக் கம்ப்யூட்டர். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்க் குளித்து, காபியும் குடித்து வந்தால்தான் திரையில் ஏதாவது தெரியும். உடனே, "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பெரும்பாலும் தாமதத்துக்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்தான். நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும் தட்டின் மேல் ஒரு முனை அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. எஸ்எஸ்டி என்ற இன்னொரு வகை டிஸ்கில் சுற்றுகிற, ஓடுகிற பாகமே கிடையாது. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு இதைப் போட்டாலே பாதி நோய் தீரும்.

"சரி, உள்ளே இருக்கிற புரோகிராம் எல்லாம் போயிடுமே?" போகாது. படங்கள், கடிதங்கள் என்றால் காப்பி செய்தாலே போதும். ஆனால் புரோகிராமை அப்படிக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஓடாது. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் அதற்குப் பதிவு வேண்டும். அதனால் டிஸ்க் முழுவதையும் அச்சு அசலாக நகலெடுப்பார்கள். அதுதான் குளோனிங். எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, குளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருளால் செய்யலாம்.

ஒரே ஓர் இடத்தில் நிதானம் வேண்டும். எந்த டிஸ்கிலிருந்து எந்த டிஸ்குக்கு என்று அந்த மென்பொருள் கேட்கும். மாற்றிச் சொல்லிவிட்டால், காலி டிஸ்க் உங்கள் பழைய டிஸ்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும், எல்லாம் போச்சு! கம்பெனிப் பெயரையும் கொள்ளளவையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

அதற்கு முன்பே முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் பழைய டிஸ்கை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு மாதமாவது அலமாரியில் இருக்கட்டும்.