அந்த உடம்பு யாருடையது?

(அக்காள்மடத்தில் இளைஞர்கள் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ படத்தைத் திரையிட்ட மாலை பேசியதன் எழுத்து வடிவம்)



படம் பார்த்துச் சிரித்து முடித்த கையோடு ஒருத்தன் மைக்கைப் பிடித்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். நானும் உங்களோடு உட்கார்ந்து சிரித்தவன்தான். பகலெல்லாம் வங்கிக் கவுண்டரில் அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவனுக்குச் சிரிப்பு லேசில் வாய்ப்பதில்லை.

சிம்புதேவன் இயக்கி 2006இல் வந்த படம். அதுவரை நாயகனுக்குப் பக்கத்தில் நின்று அடி வாங்கிய வடிவேலு இதில் ராஜா. ராஜா என்றால் சிவந்த மேனி, செந்தமிழ் வாய் என்று நம் கண்ணையும் காதையும் பழக்கிவைத்திருந்தார்கள். கறுத்த முகத்தில், மதுரைப் பேச்சில் கிரீடம் ஏறியதே ஒரு கலகம். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சாதிச் சண்டை மைதானம்? அடித்துக்கொள்வதற்கென்றே ராஜா மைதானம் திறக்கிறான். இரண்டு கூட்டம் மோதுகிறது, ராஜா வேடிக்கை பார்க்கிறான். நான் மாணவனாக ராமநாதபுரத்தில் ஒரு தியேட்டரில் பார்த்தபோது, பின்வரிசையில் சிலர் சொந்தச் சாதிப் பேரைச் சொல்லி விசிலடித்தார்கள். நாங்கள் நாலு பேர். சிரிப்பு அப்படியே தொண்டையில் நின்றுபோச்சு. எங்க பேரை அங்கே நாங்க கத்தியிருக்க முடியுமா?

அந்தப் பகடியின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் சமபலம், இரண்டு பக்கமும் முட்டாள், நடுவில் ராஜா என்று அது காட்டுகிறது. ‘சாதி மோதல்’ என்று பத்திரிகைகள் எழுதுவதும் இதே கணக்குத்தான். நம்ம மாவட்டத்தில் நடந்தது என்ன? 1957 செப்டம்பர் 10 அன்று சமாதானக் கூட்டத்தில் இமானுவேல் சேகரன் சரிசமமாக உட்கார்ந்தார். மறுநாள் பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனைக் கொன்றதும் அவர் தலைவர் நாற்காலிக்கு வந்ததற்காகத்தான். இதில் மைதானம் எங்கே, இரண்டு அணி எங்கே?

ராஜா படமென்றால் இப்படித்தான் என்று சொல்லாதீர்கள். இத்தாலியில் மரியோ மோனிசெல்லி 1966இல் பிரான்காலியோனே என்ற ஓட்டாண்டி வீரனை வைத்து ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார். நடுக்காலத்துக் கதை. அரண்மனையை விட்டுவிட்டுக் கந்தல் உடுத்தி அலைகிற ஒரு கூட்டத்தின் பின்னால் போகிறது கேமரா. அதில் ஒரு யூதக் கிழவரும் உண்டு. லத்தீனையும் பட்டிக்காட்டு வழக்கையும் கலந்து ஒரு பாஷையே கட்டினார்கள். சரித்திரத்தைத் தோற்றவன் பக்கம் நின்றும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாம்.

நமக்கும் ஒன்று வந்தது. 2023இல் மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’. அதே வடிவேலு. தனித்தொகுதி எம்எல்ஏ. உட்கார விடாமல் நிற்க வைக்கப்பட்ட அப்பனை மகன் உட்காரச் சொல்கிற காட்சியில் எனக்கு 1957 ஞாபகம் வந்தது. ஆனால் அங்கே வடிவேலு சிரிக்கவைக்கவில்லை, அழவைத்தார். நம் கதை என்றால் அழுகைதானா? நம் சேரியில் இருக்கிற நக்கலும் நையாண்டியும் எந்த அரண்மனையில் இருக்கு?

இன்னைக்குப் படம் ஓடும்போது அக்கா மகன் என் காதில் கேட்டான்: “மாமா, இந்த ராஜ்யத்துல நம்ம தெரு எங்க இருக்கு?”

ஓவியக் காட்சியை நினைத்துப் பாருங்கள். வரலாறு தன்னை வீரனாக நம்பணும் என்று கட்டுமஸ்தான உடம்பில் தன் முகத்தை வைத்து வரையச் சொல்கிறான் புலிகேசி. எல்லாரும் முகத்தைப் பார்த்துச் சிரித்தோம். அந்த உடம்பு யாருடையது? மண் சுமந்து, கல் சுமந்து, வலை இழுத்து இறுகிய உடம்பு அது. மருமகனே, நம்ம தெரு அங்கேதான் இருக்கு, கழுத்துக்குக் கீழே.

அக்காள்மடம், அடுத்தாப்ல தங்கச்சிமடம். ஊர்ப்பேரிலேயே மடம் இருக்கு. மடம் கட்டுவித்தவர்களைப் பற்றிக் கதை சொல்கிறார்கள். கல் தூக்கியவன் கதையை யார் சொல்வது? 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கும் இதே கேள்விதான்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு நோட்டோடு வாங்க. பாட்டிமார்களிடம் கேட்டு எழுதிட்டு வாங்க. யார் சுமந்தார்கள், என்ன கூலி, ராஜாவையும் துரையையும் முதுகுக்குப் பின்னால் என்ன பேர் சொல்லிச் சிரித்தார்கள் என்று கேளுங்கள். நாடகமாகப் போடுவோம். முதல் வரிசையில் உட்காரப் பாட்டிமாருக்கு நாற்காலி போடுவோம்.