மெத்தென்ற பயணமும் வளைவில் பிடிமானமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பயனுள்ளதாக ஏதாவது பேசச் சொன்னார்கள். நான் சாதித்த கதையைவிட, நான் செய்த ஒரு தவறு உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். அது கார் சஸ்பென்ஷனைப் பற்றியது.

2018-ல் ஒரு பழைய கார் வாங்கினேன். வளைவில் வண்டி சாய்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கடையில் 30 சதவீதம் அதிகக் கெட்டியான, வண்டியை 4 சென்டிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை வாங்கி மாட்டினேன். ஷாக் அப்சார்பர் பழையதே. "அது நல்லாத்தான் சார் இருக்கு" என்றார் மெக்கானிக். மெக்கானிக்கல் எஞ்சினியரான நானும் தலையாட்டினேன்!

ஊருக்குள் வண்டி அம்பு மாதிரி போனது. அடுத்த மாதம் அப்பா அம்மாவோடு வால்பாறை போனோம். ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் இடையே 40 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி இறங்கும்போது ஒரு வளைவின் நடுவில் தார் பெயர்ந்த பள்ளம். பின்சக்கரம் அதில் விழுந்ததும் 'டம்' என்று ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம் துள்ளி, வழுக்கி, பக்கவாட்டில் விலகிவிட்டது. எதிரே ஏறி வந்த பஸ் டிரைவர் சட்டென்று நிறுத்தியதால் பிழைத்தோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆழியாறு வந்ததும் கதவைத் திறந்து இறங்கினார். "நானும் அம்மாவும் பஸ்ல வந்துடறோம்ப்பா" என்றார். அவ்வளவுதான்.

அன்று இரவு வைப்ரேஷன்ஸ் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். தேர்வுக்கு மனப்பாடம் செய்த அதே சூத்திரம்தான். அதைச் சுருக்கிச் சொல்கிறேன். வண்டியின் எடையால் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், வண்டி விநாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் 1 ஹெர்ட்ஸ். 6 சென்டிமீட்டரானால் சுமார் 2 ஹெர்ட்ஸ். குடும்பக் கார்கள் பெரும்பாலும் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். மேலும் கீழுமான அதிர்வில் நம் உடம்பை அதிகம் வருத்துவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ். அதற்காக மிகவும் மெத்தென்று ஆக்கினாலும் வம்புதான். 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் குமட்டல் வரும்.

என் 30 சதவீதக் கெட்டி ஸ்பிரிங் இந்த எண்ணை 14 சதவீதம்தான் உயர்த்தியது. அது ஒன்றும் பெரிய குற்றமில்லை. குற்றம் வேறு மூன்று இடங்களில் இருந்தது.

முதலாவது, தாழ்த்தியதால் சக்கரம் மேலே ஏறுவதற்கான இடம் குறைந்தது. ஆள், பெட்டி எல்லாம் ஏறியதும் மிச்சம் கொஞ்சமே. பள்ளத்தில் விழுந்தபோது பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடித்தது. அந்த 'டம்' அதுதான். இடித்த கணத்தில் ஸ்பிரிங் கட்டையாகிவிடுகிறது. டயர் சாலையை ஒரு நொடி அமுக்கி, அடுத்த நொடி விட்டுவிடுகிறது.

இரண்டாவது, ஸ்பிரிங் கெட்டியானால் அதை அடக்க ஷாக் அப்சார்பரின் விசையும் கூட வேண்டும். என்னுடையதோ ஏற்கெனவே தேய்ந்தது. ஸ்பிரிங் சக்தியைச் சேர்த்து வைக்கும். ஷாக் அப்சார்பர் அதைச் சூடாக்கிக் கரைக்கும். இரண்டும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் சண்டைதான்.

மூன்றாவது என் நினைப்பிலேயே இருந்த கோளாறு. கெட்டியானால் பிடிமானம் என்று எண்ணினேன். வளைவில் உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்கு மாறும் மொத்த எடையைத் தீர்மானிப்பது வண்டியின் ஈர்ப்பு மைய உயரமும் சக்கரங்களின் இடைவெளியும்தான். ஸ்பிரிங்கும் ஆன்ட்டி ரோல் பாரும் அந்த எடையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போடுகின்றன, அவ்வளவே. பிடிமானம் என்பது டயர் சாலையை விடாமல் தொட்டுக்கொண்டிருப்பது. கரடுமுரடான சாலையில் சொகுசுக்கும் வேண்டியது அதேதான். இந்த இரண்டையும் எதிரிகள் என்று நினைத்ததுதான் என் தவறு.

ஆகவே தம்பி தங்கைகளே, பாகம் வாங்கும்முன் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டயரும் அதன் காற்றும். இதற்குச் செலவே இல்லை. அடுத்து ரப்பர் புஷ், பால் ஜாயின்ட். பாதி 'ஆட்டம்' அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு ஷாக் அப்சார்பர், ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். நல்ல ஷாக் அப்சார்பர், வண்டி மெதுவாகச் சாயும்போது இறுக்கிப் பிடிக்கும்; பள்ளத்தில் வேகமாக அடி வாங்கும்போது வால்வைத் திறந்து விட்டுக் கொடுக்கும். சொகுசும் பிடிமானமும் கைகுலுக்கும் இடம் இதுதான்.

ஸ்பிரிங் அதற்குப் பிறகுதான். அதையும் முன், பின் கணக்குப் பார்த்தே மாற்றுங்கள். பின்பக்கத்தின் ஹெர்ட்ஸ் முன்பக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் மேட்டைத் தாண்டியபின் வண்டி குதிரை போல ஆடாது. 1930-களில் காடிலாக்கில் வேலை பார்த்த மாரிஸ் ஒல்லி கண்ட பாடம் இது. காயிலை வெட்டித் தாழ்த்துவதோ கூடவே கூடாது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கெட்டியாகும், இடமும் போகும்.

கடைசியாக ஆன்ட்டி ரோல் பார். 20 மில்லிமீட்டர் கம்பியை 22 ஆக்கினால் கெட்டித்தன்மை 46 சதவீதம் கூடும், ஏனென்றால் விட்டத்தின் நான்காம் அடுக்கு. முன்னால் தடித்தால் வண்டி வளைய மறுக்கும். பின்னால் தடித்தால் வால் வீசும். 'ரெண்டு மில்லிதானே' என்று நினைக்காதீர்கள்.

நான் பழைய ஸ்பிரிங்குகளையே திரும்ப மாட்டினேன். நான்கு ஷாக் அப்சார்பர், புஷ், பம்ப் ஸ்டாப் மட்டும் புதிது. வளைவில் வண்டி இன்னும் கொஞ்சம் சாயத்தான் செய்கிறது. சாயட்டும், சாலையை விடுவதில்லை.

2019-ல் மறுபடி வால்பாறை. அப்பாவைக் கெஞ்சித்தான் ஏற்றினேன். போகும்போது கைப்பிடியைப் பிடித்தபடியே வந்தார். இறங்கும்போது, அதே பள்ளத்தைத் தாண்டினேன். ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அப்பா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு ஸ்பானரை எடுங்கள். நம் வண்டியில் நம்மை நம்பி உட்காருகிறவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. அவர்களுக்காக நாம்தான் பார்க்க வேண்டும்.