வெட்டத் தெரிந்த மெஷினும் மடிக்கத் தெரிந்த அப்பாவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியதை அதிகம் மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)

 

நான் 2011-இல் மெக்கானிக்கல் பிரிவில் படிப்பை முடித்தவன். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. இந்தச் சந்திப்புக்காக ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு நம் சங்கம் ஓர் அழைப்பு அட்டை அனுப்பியதல்லவா, நம் நூலகக் கட்டிடத்தின் வளைவு வாசல் மாதிரி வெட்டி, திறந்தால் உள்ளே படிக்கட்டு எழுந்து நிற்கும்படி? அந்த 80 அட்டைகளையும் செய்தவன் நான். அதைப் பார்த்த சங்கச் செயலாளர், "இதை எப்படிய்யா செஞ்சே? வந்து பத்து நிமிஷம் பேசு" என்று சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டேன்!

முதலில் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேசை மேல் வைக்கிற பிரிண்டர் அளவுதான் இருக்கும். மைக்குப் பதிலாக உள்ளே ஒரு சின்னக் கத்தி. கம்ப்யூட்டரில் கோடு வரைந்து கொடுத்தால், அந்தக் கோட்டின் மேலேயே தாளை வெட்டித் தரும். எலெக்ட்ரானிக் டை கட்டிங் மெஷின் என்று பெயர். அமெரிக்காவில் வாழ்த்து அட்டை செய்வதும், புகைப்பட ஆல்பங்களை அலங்கரிப்பதும் பெரிய பொழுதுபோக்கு. அவர்களை நம்பி வந்தவைதான் கிரிகட், சில்லூயெட் போன்றவை. பிறகு தையல் மெஷினுக்குப் பெயர் போன ஜப்பானின் பிரதர் நிறுவனமும் ஸ்கேனர் சேர்த்த ஒன்றைக் கொண்டுவந்தது.

நம் சீனியர்கள் வரைபடம் போடும் பென் பிளாட்டரைப் பார்த்திருப்பார்கள். இது அதன் பேரப்பிள்ளை. தாள், லேசாகப் பசையுள்ள ஒரு பாய் மேல் ஒட்டியிருக்கும். உருளைகள் பாயை முன்னும் பின்னும் நகர்த்தும். கத்தி இடமும் வலமும் போகும். இரண்டும் சேர்ந்தால் எந்த வளைவையும் வெட்டலாம். கத்தியைத் திருப்ப பெரும்பாலும் மோட்டார் கிடையாது. கடைகளில் சாமான் தள்ளும் வண்டியின் முன்சக்கரம், நாம் தள்ளும் பக்கம் தானே திரும்பிக்கொள்ளும் இல்லையா? அதே தத்துவம். கத்தி முனை, அது சுழலும் அச்சுக்கு நேர் கீழே இல்லாமல் சுமார் கால் மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். அதனால் இழுக்கிற திசைக்குத் தானே திரும்பிக்கொள்ளும். முனை மழுங்கினால் மூலைகள் பிய்ந்து வரும். இவ்வளவுதான் ரகசியம்.

இதை வாங்கியபோது எனக்குப் பெரிய பெருமை. ஏனென்றால், இதே வேலையை வேறொரு மெஷினில் செய்வதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

என் சொந்த ஊர் சிவகாசி. அப்பா ஓர் அச்சகத்தில் டை பஞ்சிங் வேலை பார்த்தார். கல்யாண அட்டை, காலண்டர் அட்டை, மருந்துப் பெட்டி எல்லாம் அவர் கையால் வடிவம் பெற்றவை. பிளைவுட் பலகையில் படத்தை வரைந்து, கோட்டின் மேல் ரம்பத்தால் பிளவு போட்டு, அதில் எஃகுப் பட்டையை வளைத்துச் செருகுவார். கூர்மையான பட்டை வெட்டுவதற்கு, மொண்ணைப் பட்டை மடிப்புத் தடம் போடுவதற்கு. இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டுவார். வெட்டிய தாளை அதுதான் வெளியே தள்ளும். அதை ட்ரெடில் மெஷினில் ஏற்றி, தாளை ஒவ்வொன்றாகக் கையால் கொடுத்து எடுக்க வேண்டும். மெஷின் வாய் திறந்து மூடும் நேரத்துக்குள் கை உள்ளே போய் வெளியே வந்துவிட வேண்டும். அப்பாவின் இடது கை மோதிர விரல் பாதிதான் இருக்கும். ஒருநாள் அது வெளியே வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் நான் எழுதியது 'வியாபாரம்'. விடுதி நண்பர்களிடமும் "அப்பா பிரிண்டிங் லைன்ல இருக்கார்" என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் யாரும் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

இப்போது 2021-க்கு வருவோம். பெருந்தொற்றுக் காலம். வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டதால் சிவகாசிக்கே வந்துவிட்டேன். கூடவே என் மெஷினும் வந்தது. சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கட்டுப்பாடுகளால் கூட்டம் சேர்க்க முடியாது. 60 அட்டை போதும் என்றார் சித்தப்பா. 60 அட்டைக்கு யாரும் தனியாக டை செய்யமாட்டார்கள்; கட்டுப்படி ஆகாது. "நான் செய்றேன் சித்தப்பா" என்று வாக்குக் கொடுத்தேன்.

கோபுர வடிவில் இரண்டு கதவு, திறந்தால் உள்ளே அழைப்பு. 300 ஜி.எஸ்.எம். அரக்கு நிறப் பளபளப்பு அட்டை. அதாவது ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடை. முகப்பில் தங்கத் தாளில் 'திருமண அழைப்பிதழ்' என்ற எழுத்துகளை வெட்டி ஒட்ட வேண்டும். ஆங்கிலத்தில் கூட்டெழுத்தாக எழுதினால் ஒரு சொல் ஒரே துண்டாக வரும். நம் தமிழில் ஒவ்வொரு எழுத்தும் தனித்துண்டு. புள்ளியோ அதைவிடத் தனி. 'ப்' ஒன்று, 'ழ்' ஒன்று, ஆக அட்டைக்கு 2 புள்ளி. 60 அட்டைக்கு 120 புள்ளி. ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர். மின்விசிறியைப் போட்டால் பறந்துவிடும்! அம்மா விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய, ஊசி முனையில் ஒவ்வொரு புள்ளியாக எடுத்து ஒட்டினார்.

பிரச்சினை அதுவல்ல. மடித்தபோதுதான் வந்தது. 60-இல் 34 அட்டைகள் அழகாக மடிந்தன. மீதி 26 மடிப்பில் வெடித்து, அரக்கு நிறத்துக்கு நடுவே வெள்ளை நார் பல்லைக் காட்டியது. அதே மெஷின், அதே படம், அதே அழுத்தம். பொறியாளர் என்ன செய்வார்? அழுத்தத்தைக் குறைத்தேன், கூட்டினேன். வேகத்தைக் குறைத்தேன். கத்தியை மாற்றினேன். இரண்டு இரவு தூங்கவில்லை. மிச்சமிருந்த அட்டைகளில் சில மடிந்தன, சில வெடித்தன. ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. அட்டைகளை உறவினர் வீடுகளில் கொடுக்கத் தொடங்க இன்னும் நான்கு நாள்தான்.

அப்பா அந்த இரண்டு நாளும் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை வெடித்த அட்டை ஒன்றைக் கையில் எடுத்தார். லேசாக வளைத்துப் பார்த்தார். திருப்பி வளைத்துப் பார்த்தார்.

"என்னப்பா, தாளை எந்தப் பக்கமா வெட்டினே?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை.

"தாளுக்கு நீளம் அகலம் இருக்குப்பா. நீ சதுரமா வெட்டி வச்சிருக்கே, அதுக்கு எப்படித் தெரியும் எது நீளம்னு?"

பிறகு சொல்லித் தந்தார். காகித ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே நார்களில் பெரும்பாலானவை படுத்துவிடும். அந்தத் திசைக்குக் கிரெயின் என்று பெயர். நாரோடு மடித்தால் மடிப்பு வழுவழுவென்று வரும். நாரை முறித்து மடித்தால் வெடிக்கும். மூங்கிலை நீளவாக்கில் பிளப்பதற்கும் குறுக்கே முறிப்பதற்கும் உள்ள வித்தியாசம். என் மெஷினின் பாய் 12 அங்குலச் சதுரம். அதற்குத் தோதாகக் கடைக்காரர், வீணாகாமல் இருக்கட்டும் என்று பெரிய தாளைச் சிலதை நெடுக்கிலும் சிலதைக் குறுக்கிலுமாக 12 அங்குலச் சதுரங்களாக வெட்டிக் கட்டிக் கொடுத்திருந்தார். நான் அவற்றை எடுத்த கைக்கு வந்தபடி பாயில் ஒட்டியிருந்தேன். நான் இரண்டு இரவு தேடிய கோளாறு மெஷினில் இல்லை, தாளில் இருந்தது.

தம்பி தங்கையர் குறித்துக்கொள்ளுங்கள், கிரெயின் பார்க்க மூன்று வழி. ஒன்று, தாளை இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள்; எளிதாக வளைகிறபோது மடிப்பு நாரோடு இருக்கிறது. இரண்டு, கிழித்துப் பாருங்கள். நாரோடு கிழித்தால் ஓரளவு நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். மூன்று, சின்னத் துண்டின் ஒரு பக்கத்தை ஈரமாக்குங்கள். அது சுருளும்போது, சுருளின் அச்சு நாரின் திசையிலேயே இருக்கும். அப்பாவுக்கு இந்த மூன்றும் தேவையில்லை. விரலே சொல்லிவிடும்.

இன்னொன்றும் சொன்னார். "தடம் போட்ட பள்ளத்துக்குள்ள மடிக்காதே. பின்பக்கம் ஒரு மேடு வரும் பாரு, அந்த மேடு மடிப்புக்கு உள்ளே இருக்கணும்." நான் ஆயுள் முழுக்கத் தலைகீழாக மடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று மாலைக்குள் புதிதாக 26 அட்டைகள் வெட்டி மடித்தோம். ஒன்றுகூட வெடிக்கவில்லை.

வெட்டும் மடிப்பும் உடன்பிறந்தவை என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1879-இல் நியூயார்க்கில் ராபர்ட் கெய்ர் என்பவர் காகிதப் பை செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஒருநாள் மடிப்புத் தடம் போட வேண்டிய உலோகப் பட்டை இடம் மாறி, பைகளை வெட்டித் தள்ளிவிட்டது. அவர் அந்த நஷ்டத்தோடு நிற்காமல், ஒரே அழுத்தலில் வெட்டும் தடமும் சேர்ந்து விழும்படி செய்தால் என்ன என்று யோசித்தார். இன்று நாம் பார்க்கும் மடக்கு அட்டைப் பெட்டிகள் அங்கிருந்து வந்தவை. அப்பாவின் பலகையில் கூர்ப்பட்டையும் மொண்ணைப் பட்டையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றது அந்த யோசனையின் தொடர்ச்சிதான்.

"அப்படியானால் புது மெஷின் வீணா?" என்று கேட்பீர்கள். இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மெஷினில் ஓர் அட்டைக்கு 7 நிமிடம். 60 அட்டைக்கு 420 நிமிடம், அதாவது 7 மணி நேரம். அப்பா அதற்கு டை செய்து ஏற்றவே ஒரு முழு நாள் ஆகும். இங்கே நான் ஜெயித்தேன். அதே அட்டை 5,000 வேண்டுமென்றால்? எனக்கு 35,000 நிமிடம், ஏறத்தாழ 583 மணி நேரம். அப்பா மணிக்கு 1,000 வீதம் பஞ்ச் செய்வார். டை தயாரானபின் 5 மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். புது மெஷின் என்ன செய்திருக்கிறது? முதல் அட்டையின் செலவைக் குறைத்திருக்கிறது. ஒன்றே ஒன்று வேண்டும், பத்து வேண்டும் என்பவருக்கு அது வரப்பிரசாதம். வீட்டிலிருந்தே ஒரு சகோதரி பிறந்தநாள் அட்டையும் கொலுவுக்குக் காகிதத் தோரணமும் செய்து விற்கலாம். விரலும் போகாது. இந்தக் கடைசி லாபத்தை மட்டும் நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அதற்கு விலை கிடையாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இந்த மெஷின்களில் சில, நிறுவனத்தின் மென்பொருளும் இணையமும் இருந்தால்தான் முழுதாக வேலை செய்யும். 2021 மார்ச்சில் கிரிகட் நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 சொந்தப் படங்களை மட்டுமே ஏற்றலாம் என்று அறிவித்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்து எழுந்தார்கள். சில நாட்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்பா செய்த டை ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. வயது 30-க்கு மேல். துருவைத் துடைத்து ஏற்றினால் இன்றும் வெட்டும். யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆகவே வாங்கும்போது, இணையம் இல்லாமல் ஓடுமா, நம் படங்களை நம் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்குங்கள்.

முடிக்கிறேன். நான்கு வருடம் இங்கே படித்தேன். பொருள்களின் வலிமை பற்றிய பாடத்தில், மரத்துக்கும் நாருள்ள பொருளுக்கும் திசைக்குத் திசை வலிமை மாறும் என்று நம் பேராசிரியர் சொல்லித் தந்தார். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அதே பாடத்தை அப்பா விரல் நுனியில் வைத்திருந்தார். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிய எனக்கு 26 அட்டைகள் வெடிக்க வேண்டியிருந்தது. அவரிடம் முதல் நாளே கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்காததற்குக் காரணம் நேரமின்மை அல்ல. அந்த விண்ணப்பப் படிவத்தில் 'வியாபாரம்' என்று எழுதிய அதே கை.

உங்கள் கையில் புது மெஷின் வரும். இன்னும் பத்து வருடத்தில் அதைவிடப் புதியது வரும். வரட்டும். அதற்கு முன் அந்த வேலையைக் கையால் செய்த ஒருவர் உங்கள் தெருவிலோ வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மெஷினைப் போடுங்கள்.

ஆசிரியர்களுக்கு அனுப்பிய அந்த 80 அட்டைகளையும் மெஷின் வெட்டியது. எல்லாவற்றையும் மடித்தவர் அப்பா. நல்லா வந்திருக்கிறது என்று எனக்குத் தொலைபேசியில் சொன்ன ஆசிரியர்களின் பாராட்டை அப்படியே அவரிடம் சேர்த்துவிட்டேன்.

அலுவலகத்தில் என் பழைய விண்ணப்பம் இன்னும் இருக்குமானால், முதல்வர் ஐயா அனுமதித்தால், அதில் ஒரே ஒரு திருத்தம் செய்ய விரும்புகிறேன். தந்தையின் தொழில்: டை பஞ்சிங்.