சிற்றலை ரேடியோ வாங்கப் போகும் முன்

(வவுணதீவில் நடந்த தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில், ரேடியோ திருத்தும் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)

மலையிலிருந்து வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, எங்கள் படுவான்கரை உறவுகளே!

எனக்கு மேடைப் பேச்சு வராது. ரேடியோ திருத்தத்தான் தெரியும். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்த பிறகு உங்களில் பலர் ஒரே விசயத்தைத்தான் கேட்டீர்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை, வெளிநாட்டுச் செய்தி கேட்க மலிவாக என்ன ரேடியோ வாங்கலாம் என்று.

போர்க்காலத்தில் வாவிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் அதே நிலைதான். கரண்ட் இல்லை. பற்றரி தடைப்பட்ட சாமான். தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து, இரவில் பிபிசி தமிழோசை நேரத்துக்கு மட்டும் போடுவோம். ஒரு பெட்டியைச் சுற்றி ஏழெட்டு வீட்டுச் சனம் இருக்கும். பக்கத்து ஊரில் நடந்ததை லண்டன் சொல்லித்தான் அறிந்த நாட்களும் உண்டு.

அந்த நினைப்பில் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1941 இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 உடன் நின்றுவிட்டது. "பிபிசி தமிழ் எடுக்கும்" என்று யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். சிற்றலையில் தமிழ் இப்போது குறைவு. சீன வானொலி, வத்திக்கான் வானொலி போன்றவற்றின் தமிழ் நிகழ்ச்சிகளைத் தேடவேண்டும். ஆங்கிலம் விளங்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பிபிசி உலக சேவை இருக்கிறது. நேரமும் அலைவரிசையும் மார்ச் கடைசியிலும் ஒக்டோபர் கடைசியிலும் மாறும். போன் வேலை செய்யும் நாளிலேயே பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லி, ஒரு மட்டையில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டிவையுங்கள்.

சரி, கடைக்குப் போகிறோம். பெரிய ஸ்பீக்கர், கலர் லைட், பென்டிரைவ் ஓட்டை எல்லாம் உள்ள பெட்டியைத்தான் முதலில் காட்டுவார்கள். அதில் பாட்டு நன்றாகக் கேட்கும், சிற்றலை இழுக்காது. நீங்கள் முள் ஓடும் கண்ணாடியைப் பாருங்கள். ஏறக்குறைய 5.9 முதல் 15.8 மெகாஹேர்ட்ஸ் வரை இடைவெளி இல்லாமல் இருக்கவேண்டும். இரவில் 6, 7, 9 பக்கம் நன்றாக எடுக்கும், பகலில் 11, 15 பக்கம். பகலில் கடையில் வைத்து 6 இல் தேடிவிட்டு "பெட்டி பழுது" என்று சொல்லக்கூடாது.

முள்ளை மெதுவாகத் திருப்புங்கள். ஒரே நிலையம் கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்திலும் கேட்டால் அது மலிவுப் பெட்டியின் குணம். விலை குறைவென்றால் பொறுக்கலாம், கூடிய விலைக்கு வேண்டாம். எண்களால் அலைவரிசை காட்டும் டெக்சன் மாதிரிப் பெட்டிகள் நல்லவை, ஆனால் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அது பல நாட் சம்பளம். நாலைந்து வீடு சேர்ந்து வாங்கினால் தாங்கும். நாங்கள் அப்படித்தான் கேட்டோம்.

பற்றரிதான் முக்கியம். தோட்டத்துக் கடையில் கிடைக்கும் சாதாரண டோர்ச் பற்றரியோ பென் பற்றரியோ போடக்கூடியதாக இருக்கவேண்டும். அந்தப் பெட்டிக்கென்றே செய்த தட்டைப் பற்றரி செத்தால் பெட்டியும் செத்தது. பாவித்த பழைய சொனி, பிலிப்ஸ் கிடைத்தால் பற்றரி வைக்கும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். ரேடியோவைப் போட்டுக்கொண்டே அலை மாற்றும் சுவிட்சை ஆட்டிப் பாருங்கள். கரகரப்பு மட்டும் என்றால் துப்புரவாக்கலாம். சத்தமே விட்டுவிட்டு வந்தால் வாங்காதீர்கள்.

லயத்துத் தகரத்துக்குக் கீழே எந்தப் பெட்டியும் திணறும். அது பெட்டியின் குற்றமில்லை. வாசலுக்குக் கொண்டுவந்து, ஐந்தாறு மீற்றர் வயரின் ஒரு நுனியை ஏரியலில் கவ்வவைத்து, மறு நுனியை மரக்கொப்பில் கட்டுங்கள். கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். இடி முழங்கினால் உடனே கழற்றிவிடுங்கள். போன் சார்ஜரையும் எல்ஈடி பல்பையும் நிறுத்தினால் பாதி இரைச்சல் போய்விடும்.

இன்னொன்று. புயல் நேரத்தில் எந்த வீதி திறந்திருக்கிறது, எங்கே மண் சரிகிறது என்பதை வெளிநாட்டு வானொலி சொல்லாது. அதற்கு உள்ளூர் எஃப்எம்தான். ஆகவே எஃப்எம் இல்லாத பெட்டியை மலிவென்று தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

இருட்டுகிறது. பெட்டி கொண்டுவந்தவர்கள் அந்த மாமரத்தடிக்கு வாருங்கள். வயர் என்னிடம் இருக்கிறது, 9 மெகாஹேர்ட்ஸ் பக்கம் என்ன எடுக்கிறதென்று பார்ப்போம்.