கடற்கரையிலிருந்து இமயம் வரை

(இளைஞர்களுக்காக ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1997ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், நண்பகலை ஒட்டிய வேளையில், உலகின் மிக உயர்ந்த சிகரமான எவரெஸ்டின் உச்சியில் மலேசியர் இருவர் முதன்முதலாகக் கால் பதித்தனர். முன்னே சென்றவர் மு. மகேந்திரன். சற்று நேரத்தில் அவரை அடுத்து வந்து சேர்ந்தவர் நா. மோகனதாஸ். இருவரும் தமிழர். பனியென்பதையே காணாத நாட்டில், ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறி மாறிப் பொழியும் மண்ணில் பிறந்து வளர்ந்த இரு இளைஞர்கள், மூச்சுவிடக் காற்றும் போதாத உயரத்தை எட்டினார்கள் என்ற செய்தி வந்த நாளில், நாடு முழுவதும் இனம், மொழி பாராது மகிழ்ந்தது. அன்று அச்செய்தியைக் கேட்டவர்கள் இன்று நடுவயதைக் கடந்திருப்பர். இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் இளைஞர் பலர் அன்று பிறந்திருக்கவும் மாட்டார்கள்.

அவ்விருவரின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. அவர்கள் சென்ற வழியின் அடிவாரம் வரையிலாவது போய்வரவேண்டும் என்ற ஆசை இப்போது இளைஞரிடையே பெருகி வருகிறது. விமானச் சீட்டும் பயண ஏற்பாட்டாளரும் எளிதாகக் கிடைக்கும் காலம் இது. ஆனால் பணம் கட்டியவுடன் மலை வழிவிட்டுவிடும் என்று எண்ணுவது பேதைமை. ஆகவே இன்றைய உரை புகழ்ச்சியைக் காட்டிலும் முன்னேற்பாட்டைப் பற்றியே மிகுதியும் பேசும்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். பெர்மாஸ் ஜெயா கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். தெப்ராவ் நீரிணையின் ஓரத்தில் வாழும் நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. மலை உச்சியிலும் அதே ஐந்தில் ஒரு பங்குதான். பலர் அங்கே பிராணவாயுவின் விகிதம் குறைந்துவிடுகிறது என்று நினைக்கிறார்கள், அது சரியன்று. குறைவது காற்றின் அழுத்தம். மேலே போகப் போகத் தலைக்குமேல் உள்ள காற்றின் பாரம் குறைவதால், காற்று நெகிழ்ந்து விரிந்துவிடுகிறது. ஒரு மூச்சில் நுரையீரலுக்குள் வரும் பிராணவாயு, கினாபாலு உச்சியில் கடற்கரையில் கிடைப்பதில் அறுபது விழுக்காட்டளவு. 5,364 மீட்டர் உயரத்திலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாமில் ஏறக்குறையப் பாதி. எவரெஸ்ட் உச்சியிலோ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

உடல் இதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் ஆற்றல் உடையது. மூச்சு ஆழமாகும், இதயம் விரைந்து துடிக்கும், சிறுநீர் மிகும், நாள்கள் செல்லச் செல்லக் குருதியில் சிவப்பணுக்கள் பெருகும். ஆனால் இதற்கெல்லாம் அவகாசம் தேவை. அந்த அவகாசத்தைத் தர மறுப்பவருக்கே தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை வருகின்றன. அவற்றையும் பொருட்படுத்தாது மேலே செல்பவருக்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்கிறது. அந்த நிலையில் ஓரிரு நாள்களிலேயே, சில வேளை சில மணி நேரத்திலேயே, உயிர் போய்விடும்.

இங்கே ஓர் உண்மையை இளைஞர்கள் கவனிக்கவேண்டும். உடல் வலிமைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. நாள்தோறும் பத்து கிலோமீட்டர் ஓடுபவரையும் அது வீழ்த்தும். மெல்ல நடக்கும் முதியவரை விட்டுவிடும். உள்ளபடியே, வலிமையுள்ள இளைஞர் தம் வலிமையை நம்பி விரைந்து ஏறுவதால் அவர்களே மிகுதியும் அகப்படுகிறார்கள்.

அப்படியானால் பயிற்சி எதற்கு? மலையேற்றத்தில் களைத்துப்போனவர் தெளிவாகச் சிந்திக்க மாட்டார். தவறான இடத்தில் கால் வைப்பார். பயிற்சி அதைத் தடுக்கிறது. குறைந்தது நான்கு மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நன்று. பெர்மாஸ் ஜெயாவில் மலையில்லை என்று சாக்குச் சொல்லவேண்டியதில்லை. அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகள் இருக்கின்றன. முதுகில் ஆறேழு கிலோ சுமையோடு மாலைதோறும் ஏறி இறங்கலாம். பத்துமலையின் 272 படிகளை நேர்த்திக்காக ஏறியவர்கள் நம்மில் பலர். அதே படிகளை நிற்காமல் ஐந்து முறை ஏறி இறங்கிப் பார்த்தால் தம் நிலை என்னவென்று எவருக்கும் விளங்கிவிடும். அடுத்து 654 மீட்டர் உயரமுள்ள குனோங் பூலாய். அதற்கடுத்து தங்காக் வட்டாரத்திலுள்ள குனோங் லேடாங், 1,276 மீட்டர். ஏறுவதைவிட இறங்குவதே தொடைகளையும் முழங்கால்களையும் வாட்டும் என்பதை லேடாங் ஒரே நாளில் கற்பித்துவிடும்.

புதுக் காலணியோடு மலைக்குச் செல்வதைப் போன்ற அறியாமை வேறில்லை. மூன்று மாதமாவது அணிந்து பழகிய காலணியே வேண்டும். புறப்படுமுன் கால்நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளவேண்டும். இல்லையேல் இறக்கத்தில் நகம் காலணியில் மோதிக் கறுத்துக் கழன்றுவிடும். சிறிய செய்திதான், ஆயினும் பல நாள் நடையைக் கெடுத்துவிடக் கூடியது.

மருத்துவப் பரிசோதனை இன்றியமையாதது. இந்நாட்டு இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பது அனைவரும் அறிந்ததே. நீரிழிவு உள்ளவர்கள் செல்லக்கூடாது என்பதில்லை. ஆனால் இன்சுலின் மருந்து குளிரில் உறைந்தால் பயனற்றுப்போகும். குருதியில் சர்க்கரையை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் பிழையாகக் காட்டக்கூடும். இவற்றையெல்லாம் மருத்துவரிடம் முன்கூட்டியே கலந்து பேசவேண்டும். மலைநோயைத் தடுக்க அசிட்டசோலமைட் என்ற மாத்திரை உண்டு. அதையும் அண்டை வீட்டார் சொல்லி வாங்கக்கூடாது. ஹெலிகாப்டர் மீட்புச் செலவையும் ஏற்கும் காப்புறுதி இல்லாமல் இமயத்திற்குப் புறப்படுவது, குடும்பத்தின் தலையில் கடனை ஏற்றிவைப்பதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டிலேயே உயர்மலை அனுபவம் வேண்டுமெனில் சபாவின் கினாபாலு இருக்கிறது, 4,095 மீட்டர். வழிகாட்டி இல்லாமல் அங்கே ஏற அனுமதி இல்லை. 1,866 மீட்டர் உயரத்திலுள்ள திம்போஹோன் வாயிலில் காலையில் தொடங்கி, மாலைக்குள் 3,272 மீட்டரிலுள்ள லாபான் ராத்தா விடுதியை அடைந்து, நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு எழுந்து, தலையில் விளக்கோடு கயிற்றைப் பற்றிப் பாறைமேல் ஏறினால் விடியலில் உச்சி. அதிகாலையில் எழுந்து சிங்கப்பூருக்குப் பாலம் கடக்கும் நம் ஊர்த் தொழிலாளர்க்கு அந்த நேரத்தில் எழுவது புதிதன்று! ஆனால் இரண்டே நாளில் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் மீட்டர் ஏறுவது உடலுக்கு மிக விரைவு. ஆகவேதான் அங்கே தலைவலியும் வாந்தியும் பலருக்கு வருகின்றன. உச்சியில் தங்காமல் உடனே இறங்கிவிடுவதால் பெரும்பாலோர் தப்பிக்கின்றனர்.

அந்த மலையைப் பற்றிப் பேசும்போது 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாளைச் சொல்லாமல் கடக்க முடியாது. காலையில் நேர்ந்த நிலநடுக்கத்தில் பாறைகள் சரிந்து 18 பேர் மாண்டனர். நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளியிலிருந்து சென்ற ஏழு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் அவர்களுள் அடங்குவர். சபாவின் மலை வழிகாட்டிகளும் உயிரிழந்தனர். எஞ்சிய வழிகாட்டிகள் காயமுற்றவர்களை முதுகில் சுமந்தும் சரிந்த பாதையில் வழி தேடியும் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கீழே கொண்டுவந்தனர். நிலநடுக்கத்தை எந்த முன்னேற்பாடும் தடுக்காது. ஆனால் வழிகாட்டி என்பவர் மூட்டை தூக்கும் கூலியாள் என்று கருதுவோர் அந்த நாளை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இனி இமயத்திற்கு வருவோம். காட்மாண்டுவிலிருந்து செல்லும் சிறு விமானம் 2,860 மீட்டரிலுள்ள லுக்லாவில் இறங்குகிறது. குறுகிய ஓடுதளம், ஒருபுறம் பள்ளத்தாக்கு, மறுபுறம் மலைச்சுவர். அங்கிருந்து நடை. இரண்டாம் நாள் நாம்சே பஜார், 3,440 மீட்டர். அங்கே ஒரு நாள் கட்டாயமாகத் தங்கவேண்டும். தங்குவதென்றால் படுத்திருப்பதன்று. பகலில் சற்று உயரம் ஏறிப் பார்த்துவிட்டு இரவில் கீழே வந்து உறங்குவது. பின்னர் தெங்போச்சே, திங்போச்சே, மீண்டும் ஒரு நாள் ஓய்வு, அதற்குமேல் லோபுச்சே, கோரக்ஷேப். 3,000 மீட்டருக்கு மேல், ஒரு நாள் இரவு உறங்கும் இடத்திற்கும் மறுநாள் உறங்கும் இடத்திற்கும் இடையே 500 மீட்டருக்கு மிகாமல் ஏறவேண்டும் என்பது மருத்துவர் கூறும் விதி. விடுமுறை குறைவென்று ஓய்வு நாளை வெட்டிச் சுருக்கிய பயணத் திட்டத்தை எவர் விற்றாலும் வாங்கக்கூடாது.

வழிநெடுக நம்மவர்க்குப் பழக்கமானவை பல உண்டு. மந்திரம் பொறித்த கற்களின் குவியலை வலமாகச் சுற்றியே கடக்கவேண்டும், ஆலயத்தில் வலம் வருவது போல. உணவு பருப்பும் சோறும். அந்தப் பள்ளத்தாக்கில் உயிர்க்கொலை கூடாதென்பது வழக்கம். ஆகவே இறைச்சி கீழிருந்து பல நாள் சுமந்து கொண்டுவரப்படுவது. மரக்கறி உண்பவர்க்கே அங்கே வயிற்றுக்கு நலம். சுமை தூக்கிய யாக் மாடுகள் எதிரே வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்கவேண்டும். பள்ளத்தின் பக்கம் நின்றவர் இடிபட்டு விழுந்ததுண்டு.

இரவுகள்தாம் கடினம். உறங்கும்போது மூச்சு விரைந்து, பின் மெலிந்து, சில நொடிகள் நின்றேவிடும். மறுபடியும் பெருமூச்சோடு தொடங்கும். அருகில் படுத்திருப்பவர் அஞ்சிப்போவார். உயரத்தில் அது இயல்பானதே. அஞ்சவேண்டியது வேறு. ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு வாங்குதல், விடாத இருமல், குடித்தவர் போலத் தள்ளாடுதல், பேச்சில் குழப்பம், இவை தோன்றினால் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. நள்ளிரவாயினும் இறங்கவேண்டும். ஒரு நேர்க்கோட்டில் குதிகாலை விரல்முனையோடு ஒட்டிவைத்து நடக்கச் சொல்வார் வழிகாட்டி. அதில் தவறுபவர் மேலே செல்லவே கூடாது.

இங்கேதான் பெரும்பாலோர் பிழை செய்கின்றனர். இத்தனை பணம் செலவிட்டோம், ஊரில் சொல்லிவிட்டு வந்தோம், உடன் வந்தவர் நகைப்பார் என்றெண்ணித் தலைவலியை வழிகாட்டியிடம் மறைக்கிறார்கள். காலையில் "நலமா?" என்று அவர் கேட்பது உபசாரத்திற்காக அன்று. அந்தக் கேள்விக்குச் சொல்லும் பொய், சொல்பவரை மட்டுமன்றி, அவரைச் சுமந்து இறங்கவேண்டிய ஷெர்ப்பாவையும் ஆபத்தில் தள்ளுகிறது. அவருக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு.

லோபுச்சேக்கு முன்னே துக்லா கணவாயில் கல்லால் அமைந்த நினைவுச்சின்னங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று ஸ்காட் பிஷருடையது. 1996 மே 10, 11 ஆகிய நாள்களில் வீசிய புயலில் எவரெஸ்டில் மாண்ட எட்டுப் பேருள் அவரும் ராப் ஹாலும் தேர்ந்த வழிகாட்டிகள், மலையை நன்கறிந்தவர்கள். அன்று திரும்பவேண்டிய வேளை கடந்தபின்னும் பலர் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தனர். அந்தத் துயரம் நிகழ்ந்து ஓராண்டு கழித்து அதே தென்முகப் பாதையில்தான் மகேந்திரனும் மோகனதாசும் சென்றனர். அவர்கள் அறியாமலா சென்றார்கள்?

திரும்புவதை இழிவாக நினைப்பவர்க்கு அப்பர் பெருமானை நினைவூட்டலாம். கயிலை காணப் புறப்பட்டவர் கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடலால் உருண்டும் சென்றார். இறைவன் முனிவராக வந்து அவரைத் தடுத்துத் திருப்பியனுப்பினான். அவர் கயிலைக் காட்சியைக் கண்டது திருவையாற்றில். அவரைத் தோற்றவர் என்று தமிழுலகம் ஒருநாளும் சொன்னதில்லை.

அடிவார முகாமை அடைபவர் அங்கே ஒரு வியப்பை எதிர்கொள்வார். அங்கிருந்து எவரெஸ்டின் உச்சி தெரிவதில்லை. பனிக்கட்டியும் கற்குவியலும் கூடாரங்களும் கும்பு பனியருவியுமே தெரியும். சிகரத்தைக் காண விரும்புவோர் விடியுமுன் எழுந்து காலாபத்தர் என்ற கரும்பாறைக் குன்றில் ஏறவேண்டும். பத்தடிக்கு ஒருமுறை நிற்கவேண்டியிருக்கும். குடிநீர் புட்டியில் உறைந்திருக்கும். கதிரவன் எழும்போது, நேபாளமும் சீனாவும் 2020இல் இணைந்து அறிவித்த அளவின்படி 8,848.86 மீட்டர் உயர்ந்த அந்தக் கரிய கூம்பு, அண்டைச் சிகரங்களுக்குப் பின்னே மௌனமாக நிற்கும். 1953இல் டென்சிங்கும் ஹிலாரியும் நின்ற இடம் அது. 2023 மே மாதம் தமிழகத்தின் முத்தமிழ்ச்செல்வி நின்ற இடமும் அதுவே.

பிறகு இறக்கம். ஏற எட்டு நாள் ஆன வழியை மூன்று, நான்கு நாளில் கடந்துவிடலாம். ஒவ்வோர் ஊரிலும் பசி கூடும், உறக்கம் கூடும். நாம்சேயை அடைந்ததும் பலர் முதலில் செய்வது வீட்டிற்குத் தொலைபேசியில் பேசுவதுதான். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு தாய், "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்பார்.